கணவன் மனைவி சேர்ந்து ஒரே வரிக் கணக்கு காட்டலாமா? கடலூர், புதுச்சேரி குடும்பங்களுக்கு

இரண்டு வீடுகள். இரண்டுக்கும் ஆண்டு வரவு 25,50,000 ரூபாய். முதல் வீட்டில் கணவர் மட்டும் வேலைக்குப் போகிறார். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி நிலையான கழிவு 75,000 போக, 24,75,000க்கு வரி 3,22,500. அதன் மேல் 4 சதவீதம் செஸ் 12,900. ஆக 3,35,400 கட்ட வேண்டும். இரண்டாவது வீட்டில் இருவருக்கும் சம்பளம், ஆளுக்கு 12,75,000. கழிவு போக ஆளுக்கு 12 லட்சம் நிற்கிறது. 87ஏ பிரிவின் 60,000 ரூபாய் தள்ளுபடி அந்த வரியை அப்படியே துடைத்துவிடுகிறது. இந்த வீடு கட்டுவது ஒன்றுமில்லை.

பட்ஜெட் நெருங்கும்போதெல்லாம் தொலைக்காட்சி விவாதங்களில் கிளம்பும் சண்டையின் மூலம் இதுதான். இந்திய வருமான வரிக்குக் குடும்பம் என்ற கணக்கு கிடையாது, ஆள்தான் கணக்கு. இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 2025 பட்ஜெட்டுக்கு முன் கொடுத்த பரிந்துரைகளில், விரும்பும் தம்பதிகள் சேர்ந்து தாக்கல் செய்ய வழி கேட்டது. எதிர்த்தரப்பு வாதமும் லேசானதல்ல. இருவர் வருமானத்தையும் ஒன்றாகக் கூட்டினால், வீட்டிலிருக்கும் பெண் புதிதாக வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் முதல் ரூபாய்க்கே கணவரின் உச்ச விகிதத்தில் வரி விழும். போகாமலே இருக்கலாம் என்று வீடு கணக்குப் போடும். அமெரிக்கா 1948இல் தம்பதியின் வருமானத்தைக் கூட்டி இரண்டாகப் பிரித்து வரி போடுவதற்கு மாறியது. பிரிட்டன் 1990இல் தனித்தனிக்கு மாறியது. பிரான்ஸ் 1945 முதல் குடும்பத்தைப் பங்குகளாகப் பிரித்து வரி போடுகிறது: தம்பதிக்கு 2 பங்கு, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு அரையரைப் பங்கு, மூன்றாவதிலிருந்து முழுப் பங்கு. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளுக்கு இது பழகிய கணக்கு. ஆனால் அதே ஆள் இங்கே குடியிருப்பவராகி இந்தியாவில் தாக்கல் செய்யும்போது அந்தப் பங்குகளுக்கு இடமில்லை.

நாளைக்குச் சட்டம் மாறுமா என்பது இருக்கட்டும். இப்போதுள்ள சட்டம் ஒரு வேடிக்கை செய்கிறது. சலுகை கொடுக்கும்போது உங்களைத் தனியாளாகப் பார்க்கிறது. வீட்டுக்குள் பணம் கை மாறினால் மட்டும் குடும்பமாகப் பார்க்கிறது. 1937இல் வந்த விதி இது. 1961இல் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது. ஒருவர் பெயரில் வரும் வருமானத்தை இன்னொருவர் கணக்கில் சேர்க்கும் இதை ஆடிட்டர்கள் ‘கிளப்பிங்’ என்பார்கள். 1961 சட்டத்தில் 64ஆம் பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டத்தில் பிரிவு, விதி, படிவ எண்கள் மாறினாலும், இங்கே வருபவை 2025-26 வருமானத்துக்கான பழைய எண்களே.

மனைவி பெயரில் எஃப்டி

நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு இது. நெய்வேலியில் ஓய்வு பெறும் ஒருவர் கைக்கு வந்த பணத்தில் 20 லட்சத்தை மனைவி பெயரில் 7 சதவீத வட்டிக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வட்டி 1,40,000. மனைவிக்கு வேறு வருமானம் இல்லை, அதனால் வரியும் இல்லை என்று நினைப்பார். மனைவிக்குப் பணம் கொடுப்பதற்குத் தடையும் இல்லை, அன்பளிப்பு வரியும் இல்லை. ஆனால் அந்தப் பணம் ஈட்டும் வட்டி கணவரின் வருமானத்தில்தான் சேரும். அவருடைய வரிக்குரிய வருமானம் ஏற்கெனவே 13 லட்சம் என்றால், இந்த வட்டிக்கு மட்டும் 15 சதவீதம் 21,000, செஸ்ஸோடு 21,840.

சிக்கல் வங்கியில் தொடங்குகிறது. ஆண்டு வட்டி 50,000ஐத் தாண்டினால், 60 வயதானவர்களுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால், வங்கி 10 சதவீதம் டிடிஎஸ் (வட்டி தரும்போதே கழிக்கும் வரி) பிடிக்கும். இங்கே 14,000, அதுவும் மனைவியின் பான் எண்ணில். அதைத் தவிர்க்கத்தான் கவுன்டரில் நீட்டும் ஃபார்ம் 15ஜி அல்லது 15எச்சில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். அந்தப் படிவத்தின் உறுதிமொழியை ஒருமுறை படித்துப் பாருங்கள்: இந்த வருமானம் 60 முதல் 64 வரையுள்ள பிரிவுகளின்படி வேறு யாருடைய வருமானத்திலும் சேராது என்று எழுதியிருக்கும். கணவர் பணத்தில் போட்ட டெபாசிட்டுக்கு அது பொய் உறுதிமொழி.

சரியான வழி, 37பிஏ(2) விதிப்படி மனைவி வங்கிக்கு ஓர் எழுத்து மூல அறிவிப்பு கொடுப்பது. கணவரின் பெயர், முகவரி, பான், எந்த டெபாசிட், டிடிஎஸ் வரவு ஏன் அவருக்குப் போக வேண்டும் என்ற காரணம், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். வங்கி ஏற்றுக்கொண்டால் வரவு நேராகக் கணவரின் 26ஏஎஸ் என்ற வரி வரவுப் பட்டியலில் ஏறிவிடும். சில கிளைகளில் இப்படியொன்று இருப்பதே தெரியாமல் முழிப்பார்கள். ஒப்புகை முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். பிடித்தம் மனைவியின் பானிலேயே நின்றுவிட்டால், கணவர் ஐடிஆர்-1 என்ற எளிய தாக்கல் படிவத்தைப் போட முடியாது. மற்றவர் பெயரில் பிடித்த டிடிஎஸ்ஸைக் கேட்பவருக்கு அந்தப் படிவம் இல்லை. ஐடிஆர்-2இல் பிறர் பெயரில் வந்த வருமானத்தைச் சேர்த்துக் காட்டும் ‘எஸ்பிஐ’ அட்டவணையில் வட்டியையும், டிடிஎஸ் அட்டவணையில் மனைவியின் பானையும் காட்ட வேண்டும். டிடிஎஸ்ஸே பிடிக்காத சிறு வட்டி என்றால் ஐடிஆர்-1 போதும்.

இன்னொரு நுணுக்கம். சேரும் வட்டியை மனைவி மறுபடி முதலீடு செய்தால், அந்த வட்டிக்கு வரும் வட்டி அவருடைய சொந்த வருமானம். 1,40,000ஐத் தனி டெபாசிட்டாகப் போட்டால் அடுத்த ஆண்டு வரும் 9,800 அவர் கணக்கு. முதிர்வில் மொத்தமாகத் தரும் டெபாசிட்டில் அசலும் வட்டியும் கலந்து போவதால், பிறகு பிரித்துக் காட்டுவது தலைவலி. மூன்று மாத வட்டி தனி சேமிப்புக் கணக்கில் விழும்படி வைத்துவிட்டால் பாஸ்புக்கே சாட்சி.

யாருக்குக் கொடுத்தால் சேரும்

மருமகளுக்குக் கொடுத்த பணத்தின் வருமானம் மாமனார் அல்லது மாமியார் கணக்கில் சேரும். மருமகனுக்குக் கொடுத்தால் சேராது. சட்டம் எழுதியவர்களுக்கு மருமகன்மேல் அவ்வளவு நம்பிக்கை! பெற்றோருக்கோ 18 வயது நிறைந்த பிள்ளைக்கோ கொடுத்தாலும் சேராது. மனைவிக்கு நியாயமான வட்டியோடு கடனாகக் கொடுத்து, அந்த வட்டி உண்மையிலேயே வங்கி வழியாகக் கை மாறினால் சேராது. மனைவியின் பிறந்த வீட்டுச் சீதனத்துக்கும் இந்த விதிக்கும் தொடர்பில்லை. கணவர் தன் வீட்டையே போதிய விலை வாங்காமல் மனைவி பெயருக்கு மாற்றினால் அதற்கு 27ஆம் பிரிவு தனியாக இருக்கிறது: வாடகையைப் பொறுத்தவரை கணவரே உரிமையாளராகக் கொள்ளப்படுவார்.

சிறு பிள்ளையின் வருமானம், தாய் தந்தையரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவரோடு சேரும். பழைய முறையில் பிள்ளைக்கு 1,500 ரூபாய் விலக்கு உண்டு, புதிய முறையில் அதுவும் இல்லை. நடனப் போட்டியில் சிறுமி தன் திறமையால் வென்ற பரிசு அவளுடையது. அதை டெபாசிட் செய்து வரும் வட்டி மட்டும் பெற்றோரிடம் வந்துவிடும்.

முந்திரி வியாபாரத்தில் மனைவிக்குச் சம்பளம் எழுதும் பண்ருட்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: நிறுவனத்தில் உங்களுக்கு 20 சதவீதமோ அதற்கு மேலோ பங்கிருந்தால், மனைவியிடம் தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதி இருந்து சம்பளம் அதற்காகவே கொடுக்கப்பட்டால்தான் அது அவர் கணக்கில் நிற்கும்.

புதுச்சேரிக்கு மட்டும்

ஐடிஆர்-2, ஐடிஆர்-3 படிவங்களின் முதல் பகுதியில் ஒரு கேள்வி வரும்: 5ஏ பிரிவின்படி போர்த்துகீசிய சிவில் சட்டத்துக்கு உட்பட்டவரா? சம்பளம் தவிர்த்த வருமானத்தைக் கணவனும் மனைவியும் பாதிப் பாதியாகக் காட்ட வழிசெய்யும் பிரிவு அது. கோவா, தாத்ரா நகர் ஹவேலி, டாமன் டையூவுக்கு மட்டுமே. 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற ‘ரெனோன்சான்’ குடும்பங்களில் சொத்து தம்பதிக்குப் பொதுவாக இருக்கலாம். ஆனாலும் 5ஏவில் புதுச்சேரியின் பெயர் இல்லை. பதில் ‘இல்லை’ என்பதே.

இந்துக் கூட்டுக் குடும்பம் என்று தனி பான் வாங்கி வரி குறைக்கும் யோசனை இரண்டு ஊரிலும் ஓடுகிறது. புதிய முறையில் அதற்கும் 4 லட்சம் வரை வரி இல்லை. ஆனால் 87ஏ தள்ளுபடி தனிநபருக்கு மட்டும், இதற்குக் கிடையாது. உங்கள் சொந்தப் பணத்தை அதில் போட்டால் வருமானம் திரும்ப உங்களோடு சேரும். ஆகவே பூர்வீகச் சொத்து இருந்தால்தான் பயன். தந்தை தானாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் 1956க்குப் பின் இறந்து வந்த சொத்து உங்கள் தனிச் சொத்துதான் என்று உச்ச நீதிமன்றம் 1986இல் சொல்லிவிட்டது. கடலூர்ப் பக்கம் பூர்வீகச் சொத்தில் பிள்ளைகளுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு. பிரெஞ்சுக்கால நீதிமன்றங்கள் ஏற்ற புதுச்சேரி வழக்கத்தில், தந்தை இருக்கும்வரை பூர்வீகச் சொத்துக்கும் அவரே முழு உரிமையாளர். ஆகவே பிரெஞ்சில் எழுதிய பழைய பத்திரம் வீட்டில் இருந்தால், பான் விண்ணப்பத்துக்கு முன் சிவில் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

ஏற்கெனவே மனைவி பெயரில் வட்டியைக் காட்டி 14,000ஐ ரீஃபண்டாக வாங்கியவர்கள், நோட்டீஸ் வருமுன் புதுப்பித்த தாக்கலுக்கான ஐடிஆர்-யு படிவம் போடலாம். வரிக்கும் வட்டிக்கும் மேல், மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 12 மாதத்துக்குள் 25 சதவீதம், 24 மாதத்துக்குள் 50, 36க்குள் 60, 48க்குள் 70 சதவீதம் கூடுதல். இது கணவரின் கணக்கில் போட வேண்டியது. ரீஃபண்ட் கேட்கவோ வரியைக் குறைக்கவோ இந்தப் படிவம் உதவாது.