எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் சர்வீஸுக்கு வந்தால் நான் முதலில் கேட்பது, "நீங்களே திறந்து பார்த்தீர்களா சார்?" என்பதுதான். சாதாரண ஸ்பீக்கர் பெட்டியைத் திறந்தால் கையைச் சுடும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. இதற்குள்ளோ ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால், இது கேட்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), இடம், பராமரிப்பு எல்லாவற்றுக்கும் காரணம் தானாகப் புரிந்துவிடும்.

நம் வீடுகளில் இருக்கும் கோன் ஸ்பீக்கரில் காந்தம், அதன் இடைவெளியில் வாய்ஸ் காயில் என்ற கம்பிச் சுருள், காயிலோடு ஒட்டிய கோன். 1925-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் வெளியிட்ட வடிவம்தான் அடிப்படையில் இன்றும் ஓடுகிறது. காயில் கோனை நடுவில் மட்டுமே தள்ளுகிறது, ஓரங்கள் பின்னால் வர வேண்டும். அதிர்வெண் ஏற ஏற கோன் வளைந்து, ஒவ்வொரு பகுதியும் தன்போக்கில் ஆட ஆரம்பிக்கும். அதனால்தான் தாழ்ந்த ஒலிக்கு ஊஃபர், உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டர் என்று வேலையைப் பிரித்துக் கொடுக்கிறோம். அப்புறம் பெட்டியும் தன் பங்குக்கு அதிரும்.

எலக்ட்ரோஸ்டாட்டிக்கில் காந்தமும் இல்லை, காயிலும் இல்லை. சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமனுள்ள மைலார் என்ற பிளாஸ்டிக் படலம் ஒன்றை இழுத்துக் கட்டி, துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே நிறுத்துகிறார்கள். தகடுகளுக்கு ஸ்டேட்டர் என்று பெயர். படலத்துக்கு நிரந்தரமாக உயர் மின்னழுத்தம் கொடுக்கப்படும், இதைத்தான் பயாஸ் என்கிறோம். 1957-இல் பீட்டர் வாக்கர் இங்கிலாந்தில் விற்பனைக்குக் கொண்டுவந்த குவாட் இ.எஸ்.எல். ஸ்பீக்கரில் பேஸ் (தாழ்ந்த ஒலி) பேனல்களுக்கு 6,000 வோல்ட், ட்ரெபிளுக்கு (உயர்ந்த ஒலி) 1,500 வோல்ட். ஆம்பிலிருந்து வரும் சிக்னலை ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தி, இரு ஸ்டேட்டர்களுக்கும் எதிரெதிராகக் கொடுக்கும். தலை சீவிய சீப்பு காகிதத் துண்டை இழுக்கிறதே, அதே விசைதான். ஒரு தகடு இழுக்க, மற்றது தள்ள, படலம் முழுப் பரப்பிலும் ஒரே நேரத்தில் அசைகிறது.

இதில் என்னை இன்றும் வியக்க வைப்பது படலத்தின் எடை. 6 மைக்ரான் மைலார் ஒரு சதுர மீட்டருக்கு 9 கிராம்கூட வராது. அதே பரப்பில் 7 மில்லிமீட்டர் கனத்துக்குக் காற்றை எடுத்தாலும் ஏறக்குறைய அதே எடைதான். காற்றை அசைக்கக் காற்றின் எடையுள்ள ஒரு பொருள்! வீணையில் ஒரு ஸ்வரம் கமகத்தோடு தேய்ந்து மறைகிற கடைசி இழையை நல்ல எலக்ட்ரோஸ்டாட்டிக்கில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மனிதக் குரலிலும் தம்பூராவிலும் இதற்கு இணையாக நான் கேட்டது மிகக் குறைவு.

ஆனால் பறையோ தவிலோ அதன் நிஜ ஒலியளவில் வேண்டுமென்றால் இது உங்களுக்கான ஸ்பீக்கர் இல்லை. ஸ்டேட்டர்களுக்கு நடுவே இடைவெளி சில மில்லிமீட்டர்தான், படலம் அதற்குமேல் அசைய முடியாது. முன்னால் போகும் ஒலியும் பின்னால் போகும் ஒலியும் எதிர்நிலையில் இருப்பதால், பேஸ் ஒலிகள் பேனலின் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதற்காகவே மார்ட்டின் லோகன் போன்ற நிறுவனங்கள் கீழே கோன் ஊஃபர் வைத்து ஹைபிரிட்டாக, அதாவது கலப்பு வகையாகச் செய்கின்றன. ஒலியளவு கிடைத்துவிடுகிறது. இரண்டும் சேரும் இடம் காதுக்குத் தெரியாமல் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆம்ப் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் 4 ஓம், 8 ஓம் என்று போட்டிருந்தாலும், ஆம்புக்கு இந்த ஸ்பீக்கர் ஒரு கெப்பாசிட்டர் (மின்தேக்கி) மாதிரி. அதிர்வெண் ஏற ஏற மின்தடை இறங்கும், சில மாடல்களில் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு ஓமுக்கும் கீழே போகும். மலிவான ஆம்ப் அங்கே திணறும். அதிக வாட் இருந்தால் போதும் என்பதும் தவறு. பழைய குவாட் சுமார் 33 வோல்ட் உச்சத்துக்குமேல் தாங்காது. மீறினால் படலத்தில் மின்பொறி பாய்ந்து ஓட்டை விழும்.

காந்தத் தகடு வகையான மேக்னபேன் இதன் நெருங்கிய உறவு. படலத்தில் கம்பி, பக்கத்தில் காந்தம், அவ்வளவுதான். ஈரக் காற்றில் கசிய உயர் மின்னழுத்தம் இல்லாததால் கடலோர ஊர்களுக்கு அதைத் தைரியமாகப் பரிந்துரைப்பேன். ஹார்ன் ஸ்பீக்கர் குறைந்த வாட்டிலேயே வீட்டை நிரப்பும், நுணுக்கத்தில் எனக்கு அது இரண்டாம் இடம்தான்.

எலக்ட்ரோஸ்டாட்டிக்குக்கு இடம் கட்டாயம் வேண்டும். பின்சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். பின்னால் போகும் ஒலி சுவரில் பட்டு உடனே திரும்பினால் பாட்டு குழம்பும்.

கடைசியாக ஈரமும் தூசியும். சென்னையில் மழை மாதங்களில், "ஒரு பக்கம் மட்டும் சத்தம் கம்மியா இருக்கு" என்று போன் வரும். பெரும்பாலும் ஈரத்தால் பயாஸ் கசிந்திருக்கும், அல்லது படலத்தின் மின்கடத்தும் பூச்சு தேய்ந்திருக்கும். மின்னூட்டமுள்ள படலம் தூசியை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தத் தூசியில் ஈரம் ஏறினால் டிக் டிக் என்று சத்தம் வரும், அறையை இருட்டாக்கினால் சில சமயம் நீலப்பொறியே தெரியும். உடனே நிறுத்துங்கள். சாதாரண மல்டிமீட்டரை வைத்து பயாஸை அளக்க முயலாதீர்கள். அதன் வரம்புக்கு அது மிக அதிகம், ஆபத்தும்கூட. தவிர, மீட்டரே அந்த நுண்ணிய மின்னோட்டத்தை உறிஞ்சிவிடுவதால் தவறான அளவு காட்டும், நல்ல சப்ளையைக் கெட்டது என்று மாற்றிவிடுவீர்கள். இதற்கென உள்ள உயர் மின்னழுத்தப் புரோப் வேண்டும். ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே கை வைப்பதோ இன்னும் மோசம். பயாஸைவிட ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் தரும் மின்னோட்டம்தான் உயிருக்கே ஆபத்தானது.

பழையதை வாங்குகிறீர்கள் என்றால் பிளக்கை மாட்டி ஒரு மணி நேரமாவது விடுங்கள், படலம் மின்னேற நேரம் எடுக்கும். பிறகு இரு பக்கமும் ஒரே ஒலி வரும் மோனோ பதிவு ஒன்றைப் போட்டு இரண்டு பக்கமும் ஒரே அளவில் கேட்கிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால், பேனல் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.