மரத்தடியில் நின்றே பழசான வேன்

“வண்டி ஓடவே இல்ல அண்ணாச்சி. வேப்பமரத்தடியிலதான் நிக்கு” என்றார் தரகர்.

பாளையங்கோட்டையில் நண்பருக்காகப் பழைய கேரவன் வேன் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தோம். உள்ளே கட்டில், சின்ன சிங்க், கேஸ் அடுப்பு. குற்றாலம் சீசனுக்கு நாலைந்து தடவை போய்வந்ததோடு சரியாம். கிலோமீட்டர் குறைவு என்றதும் நண்பருக்கு வாயெல்லாம் பல். எனக்கு அங்கேதான் சந்தேகம் தொடங்கியது.

டயரை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றிலுள்ள ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும். அதைத் தடுக்க ரப்பருக்குள்ளேயே மெழுகு கலந்திருப்பார்கள். டயர் உருண்டு நெளியும்போது மெழுகு கசிந்து மேலே படலமாகப் படியும். நிற்கிற வண்டிக்கு அந்த நெளிவு கிடையாது. தரையில் படும் பட்டன் தேயாமல் புதுசாகத் தெரியும்; பக்கச் சுவரில் மயிரிழையாக வெடிப்பு ஓடும். அதன் மேலுள்ள எண் வரிசையில் கடைசி நாலு இலக்கத்தைப் பார்த்தேன்: 2317. அதாவது 2017-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. பின்னால் இரட்டைச் சக்கரம், ஸ்டெப்னியோடு ஏழு டயரும் மாற்றியாக வேண்டும்.

பிரேக் ஆயில் இன்னும் மோசம், கண்ணுக்கே தெரியாது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 வகை என்றால், புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு இறக்கத்தில், கட்டிலும் தண்ணீர்த் தொட்டியும் சுமந்த வண்டி பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடு எங்கே போகும்? திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். குழாயில் ஆவி சேர்ந்தால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இதை மாற்றச் சில நூறு ரூபாய்தான். யாரும் மாற்றுவதில்லை.

பேட்டரிக்கு ஒரு கணக்கு போதும். கடிகாரம், அலாரம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 80 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மாதம் சொச்சத்தில் காலி. அப்படியே கிடந்தால் உள்ளே ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு சார்ஜ் ஏற மறுக்கும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் முங்கிய வண்டியோ என்று சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். வண்டல் கறை இல்லை. தப்பித்தோம்.

ஆனால் பர்சைக் காலிசெய்வது கூரை. நம்மூர் சித்திரை வெயிலுக்கும் விடியற்காலைக்கும் கூரைத் தகட்டில் 40 டிகிரி வித்தியாசம் என்று வையுங்கள். 6 மீட்டர் அலுமினியத் தகடு சுமார் 5.5 மில்லிமீட்டர் நீளும். கீழேயுள்ள இரும்புச் சட்டம் அதே சூட்டில் ஏறக்குறைய அதில் பாதிதான் நீளும். இரண்டுக்கும் நடுவே தினமும் இழுபடுவது, இடுக்கை அடைக்கும் பசையான சீலன்ட். வெயிலில் காய்ந்து அது விரிசல் விட்டதும், ஐப்பசி மழை அந்த நூலிழை இடுக்கில் தானாகவே ஏறிக்கொள்ளும். உள்ளே சொட்டாது, பிளைவுட் குடித்துவிடும். சொட்டினால் மராமத்தாவது பார்த்திருப்பார்கள். பிளைவுட்டை மாற்ற அலமாரியைக் கழற்ற வேண்டும், ஏசியை இறக்க வேண்டும், வயரைப் பிரிக்க வேண்டும். பலகை விலையைவிட ஆசாரி, எலக்ட்ரீசியன் கூலிதான் அதிகமாகும்.

கட்டிலுக்கு மேலே மூலையில் கட்டைவிரலால் அழுத்தினேன். டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உள்ளே போனது.

“அது ஒரு ஸ்டிக்கர் ஒட்டுனா தெரியாது அண்ணாச்சி” என்றார் தரகர்.