தடித்த எழுத்து தலைப்பு ஆகாது

கல்லூரிச் சேர்க்கை அறிவிப்புப் பக்கம் ஒன்றில் தகுதி, சான்றிதழ்கள், கட்டணம், கடைசி நாள் என்று பகுதிகள் இருக்கின்றன. கண்ணால் பார்ப்பவர் பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போய், பெரிய எழுத்தில் ‘கட்டணம்’ தெரிந்ததும் நின்றுவிடுவார். பார்வையற்ற மாணவர் அதே வேலையை ‘எச்’ விசையால் செய்கிறார். திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் என்விடிஏ, ஜாஸ் ஆகிய திரைவாசிப்பான்களில் அதை அழுத்த அழுத்த அடுத்தடுத்த தலைப்புக்குத் தாவலாம். ஷிஃப்டையும் சேர்த்தால் பின்னோக்கிப் போகும். எண் 2-ஐ அழுத்தினால் இரண்டாம் நிலைத் தலைப்புகளில் மட்டும் நிற்கும்.

இதற்கு அந்த வரி நிரலில் தலைப்பு என்றே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். வெறுமனே போல்டு செய்து எழுத்தைப் பெரிதாக்கினால் திரைவாசிப்பானுக்கு அது இன்னொரு பத்தி, அவ்வளவுதான். ‘எச்’ அழுத்தினால் தலைப்பு இல்லை என்று சொல்லிவிடும். கட்டணம் எவ்வளவு என்று அறிய மாணவர் முழுப் பக்கத்தையும் வரிவரியாகக் கேட்க வேண்டியதுதான். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையப் பக்கங்களை அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி என்ற உலக அணுகல்தன்மை வழிகாட்டுதலில் இது 1.3.1-ஆவது விதி; மிக அடிப்படையான ‘ஏ’ நிலையிலேயே வருகிறது.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. எழுத்தின் அளவு பிடித்திருக்கிறது என்பதற்காகச் சாதாரண வாக்கியத்தைத் தலைப்பாக்குவது, தலைப்புப் பாணியிலேயே வெற்று வரி விடுவது. அளவை மாற்ற, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் இருக்கிறது. தலைப்பு நிலை அதற்கானதல்ல. பக்கத்தின் பெயர் முதல் நிலைத் தலைப்பான எச்1, பெரும்பகுதிகள் எச்2, அவற்றின் உட்பிரிவுகள் எச்3. எச்2-இலிருந்து நேரே எச்4-க்கு இறங்கினால், இடையில் எதையோ தவறவிட்டோமோ என்று கேட்பவர் திரும்பிப் போய்த் தேடுவார். இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸில் பதிவின் தலைப்பைப் பெரும்பாலான தீம்களே (தள வடிவமைப்புகளே) எச்1 ஆக்கிவிடும். உள்ளே எச்2-இல் தொடங்குங்கள்.

வேர்டில் கண்ட்ரோல், ஆல்ட்டுடன் 1, 2, 3 அழுத்தினால் அந்தந்த நிலைத் தலைப்பு கிடைக்கும். ஆனால் அந்தக் கோப்பை அச்சிடும் வழியில் பிடிஎஃப் ஆக்கினால் தலைப்புக் குறிகள் பொதுவாகத் தொலைந்துபோகும். ‘சேவ் ஆஸ்’ வழியாகப் பிடிஎஃப்பைத் தேர்ந்து, விருப்பங்களில் அணுகல்தன்மைக்கான கட்டமைப்புக் குறிகளைச் சேர்க்கும் பெட்டி டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

சொற்களிலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு தலைப்பும் ‘மாணவர் சேர்க்கை தொடர்பான’ என்று தொடங்கினால், தாவும்போதெல்லாம் அந்த மூன்று சொற்களையும் கேட்டுத் தீர்த்த பிறகே விஷயம் வரும். ‘கட்டணம் செலுத்தும் முறை’ என்றால் முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். ‘முக்கியக் குறிப்பு’ என்பது எதையும் சொல்வதில்லை.

சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். விண்டோஸில் என்விடிஏ இலவசம். உங்கள் பக்கத்தைத் திறந்து இன்சர்ட்டுடன் எஃப்7 அழுத்தி, வரும் பெட்டியில் தலைப்புகளைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பட்டியலை மட்டும் ஒரு பொருளடக்கம்போலப் படியுங்கள். ‘கட்டணம்’ அதில் இல்லையென்றால், எடிட்டரில் அந்த வரியைப் பத்தியிலிருந்து தலைப்பாக மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.