அந்த ஆமையைக் கடலில் விடாதீர்கள்

மழை தொடங்கியதிலிருந்து இது நான்காவது. திருகோணமலை அலஸ்தோட்டத்திலிருந்து ஒரு தம்பி வாளியோடு வந்தார். "டாக்டர், வீட்டு வாசலில் கிடந்தது. பாவம் பார்த்துக் கடலில் விட்டேன். அலை திருப்பித் திருப்பிக் கரையில் தள்ளுகிறது." வாளிக்குள் தலை தூக்கவும் தெம்பில்லாத ஒரு பால் ஆமை, குளத்தில் வாழும் நன்னீர் ஆமை.

ஆமை புகுந்த வீடு உருப்படாதென்று அவருடைய அம்மா பதறினாராம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆமை என்றால் கடல் என்ற நினைப்பைத்தான் பொறுக்க முடியவில்லை.

கடலாமைக்கு இருப்பது துடுப்பு. பால் ஆமைக்கு இருப்பது விரலிடைச் சவ்வுள்ள பாதம், ஒவ்வொன்றிலும் மூன்று நகம். துடுப்பென்றால் கடல், பாதமென்றால் குளம். இதைப் பார்த்துச் சொல்ல மிருக வைத்தியம் படிக்கத் தேவையில்லை. உடம்பில் சேரும் உப்பைக் கடலாமை கண்ணீராக வடித்துவிடும். குளத்து ஆமைக்கு அந்த வசதி கிடையாது. கொட்டியாரக் குடாவில் விட்டால் மகாவலி ஆற்றுக்குள் நீந்திப் போய்விடுமே என்று ஒருவர் எனக்கே பாடம் எடுத்தார்! இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத இனம் ஐயா இந்தப் பால் ஆமை.

அடுத்தது கழுத்து. உள்ளே இழுத்திருக்கும்போது கழுத்தே இல்லாததுபோல் தோன்றும். ஓட்டின் இருபுறமும் பிடித்தால் கடிக்காதென்று நம்பித் தூக்குபவரின் விரலை, அது பின்னால் வளைந்து வந்து கவ்வும். சேற்றில் புதைந்தபடியே குழாய் மூக்கை மட்டும் நீருக்கு மேலே நீட்டி மூச்சுவிடுவதற்கான கழுத்து அது. இதைப் படமெடுத்து 'ஆஸ்திரேலியப் பாம்புக்கழுத்து ஆமை' என்று பகிர்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து ஓட்டு விளிம்பின் கீழ் ஒளிக்கும். நம்முடையது நேராக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வாசலுக்கு வந்தால் வாளியைச் சரித்துப் பிடித்து, தும்புத்தடியால் மெல்ல உள்ளே தள்ளி, அருகிலுள்ள குளத்தில் விடுங்கள். வீதியைக் கடக்கிறதென்றால் அது போகும் பக்கமே போகட்டும். கடித்துவிட்டால் இழுக்காதீர்கள், கையோடு சேர்த்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் பெரும்பாலும் விட்டுவிடும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வாயில் தூண்டில் முள் இருந்தால் நூலை மட்டும் அறுத்துவிட்டு அப்படியே கொண்டுவாருங்கள், முள்ளில் கை வைக்க வேண்டாம். தண்ணீர் சுத்தமாகும் என்று கிணற்றில் போடுகிறவர்களே, தயவுசெய்து வேண்டாம். புதைந்துகொள்ளச் சேறும் முட்டையிடக் கரையும் அங்கே ஏது?

அலஸ்தோட்டத்து ஆமை இன்னும் என் நன்னீர்த் தொட்டியில்தான் இருக்கிறது. நேற்று மாலை என் கையுறையைக் கடித்தது. நல்ல அறிகுறி.