எரிச்சல் நின்றுவிட்டதா? அப்போதுதான் கவனம் தேவை

தைப்பூசம் முடிந்த அடுத்த வாரத்தில், பினாங்கில் கால் புண்களைக் கவனிக்கும் எங்களைப் போன்ற மருத்துவர்களிடம் நேர்த்திக்கடனுக்காக வெறுங்காலோடு நடந்த இனிப்புநீர் (நீரிழிவு) நோயாளிகளின் ஒரே மாதிரியான பாதங்கள் வந்து சேர்கின்றன. குதிகாலிலும் விரல்களின் அடியிலும் கொப்புளம் உடைந்து சீழ் கட்டியிருக்கும். சில பாதங்களில் சாலையில் உடைத்த தேங்காயின் சிரட்டைத் துண்டு இன்னும் தோலுக்குள்ளேயே இருக்கும். அந்தக் காலுக்கு உரியவரோ சிறிதும் நொண்டாமல் நடந்து வந்து நாற்காலியில் அமர்வார். இம்முறை வந்த ஓர் அம்மாவின் பெருவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. புண்ணைவிட அவர் சொன்ன ஒரு வாக்கியமே என்னை இதை எழுத வைத்தது: "ரெண்டு வருசமா கால் நெருப்பா எரிஞ்சுது டாக்டர். இப்போ கொஞ்ச நாளா எரிச்சலே இல்ல, நரம்பு குணமாயிடுச்சுன்னு நம்பித்தான் நடந்தேன்."

இதே வாக்கியத்தை லோரி ஓட்டுநர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடைக்காரர்கள் எனப் பலரும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எரிச்சல் இருந்தால் நோய், எரிச்சல் நின்றால் நலம் என்ற கணக்கு நம் வீடுகளில் அசைக்க முடியாத நம்பிக்கையாகிவிட்டது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இத்தனை பேர் இந்தத் தவறான கணக்கை வைத்துக்கொண்டு நடமாடுவது எனக்கு அச்சத்தைத் தருகிறது. நரம்பு எப்படிச் செய்தி அனுப்புகிறது என்பதைச் சற்றுப் பொறுமையாகப் படித்துவிட்டால் இந்தக் கணக்கின் பிழை தானாகவே விளங்கும்.

பாதத்தின் தோலில் சூட்டையும் குத்தலையும் அறியும் நரம்பணுவின் உடல் பாதத்தில் இல்லை. அது இடுப்புப் பகுதியில், முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சில் இருக்கிறது. அங்கிருந்து ஓர் ஒற்றை இழை, தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியதாக, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு இறங்கிக் கால் விரலின் நுனியில் முடிகிறது. அந்த நுனியில் சூட்டை உணரும் புரதக் கதவுகள் உண்டு. தோலின் வெப்பம் ஏறத்தாழ 43 டிகிரியைத் தாண்டும்போது அவை திறந்து, சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே பாய்ந்து, ஒரு மின்துடிப்பு கிளம்புகிறது. சூடு கூடினால் துடிப்பு பெரிதாவதில்லை. எல்லாத் துடிப்புகளும் ஒரே அளவுதான். ஒரு வினாடிக்கு எத்தனை துடிப்புகள் என்பதிலேதான் சூட்டின் கடுமை எழுதப்படுகிறது. இதைக் காட்டியவர் இங்கிலாந்தின் எட்கர் ஏட்ரியன். 1932-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

துடிப்புகள் தண்டுவடத்தை அடையும்போது முதல் முடிவு அங்கேயே எடுக்கப்படுகிறது. மூளைக்குச் செய்தி எட்டும் முன்பே தண்டுவடம் காலைப் பின்னால் இழுத்துவிடுகிறது. மேலே செல்லும் செய்தியை அடக்குவதும் கூட்டுவதும்கூட தண்டுவடத்தின் நரம்பிணைப்புகளில்தான் நடக்கின்றன. இடித்துக்கொண்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைவதற்குக் காரணம் இதுவே என்று மெல்சாக், வால் என்ற இரு அறிவியலாளர்கள் 1965-இல் விளக்கினார்கள். அதற்குப் பிறகே செய்தி மூளைக்குப் போய் "கால் சுடுகிறது" என்ற உணர்வாகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூளைக்குப் பாதத்தை நேரடியாக அறியும் வழி எதுவும் கிடையாது. எந்த இழையில் துடிப்பு வந்தது, எவ்வளவு வேகமாக வந்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். மிளகாயை நறுக்கிய விரல் எரிவதை எண்ணிப் பாருங்கள். விரல் சூடாகவில்லை, மிளகாயிலுள்ள காப்சைசின் அதே சூட்டுக் கதவைத் திறந்துவிடுகிறது, மூளை அதைச் சூடு என்றே படிக்கிறது. இந்தக் கதவைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கு 2021-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எரிச்சல் என்பது ஓர் இழையில் துடிப்பு ஓடுகிறது என்பதற்கான சாட்சி மட்டுமே. பாதம் நலமா, பாதத்தில் தீ பட்டதா, இழையே பழுதா என்பதை எரிச்சலைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

இனி, பல ஆண்டுகள் ரத்தத்தில் உயர்ந்த சர்க்கரையில் ஊறிய நரம்பிழைக்கு வருவோம். அதில் இரண்டு கோளாறுகள் ஒன்றாகவே நேர்கின்றன. உண்மையான சூடும் குத்தலும் பட்டாலும் துடிப்பு கிளம்பாமல் போகிறது. எதுவுமே படாதபோது, பழுதான இழை தானாகவே துடிப்புகளை அனுப்புகிறது. முதலாவது மரத்துப்போதல், இரண்டாவது எரிச்சல். நிலையம் கிடைக்காத வானொலியில் இரைச்சல் மட்டும் கேட்பது போன்ற நிலை இது. அதனால்தான் ஒரே பாதம் எரியவும் செய்கிறது, ஊசி குத்தினால் தெரியாமலும் இருக்கிறது. "எரியுதே டாக்டர், அப்புறம் எப்படி உணர்ச்சி இல்லன்னு சொல்றீங்க?" என்று என்னிடம் வாதிடுபவர்கள் உண்டு. கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் அவர்கள் பாதத்தைத் தொடுவேன். எங்கே தொட்டேன் என்று சொல்ல முடியாமல் அவர்கள் திகைப்பார்கள்.

அந்த இழை இன்னும் நலிந்து நுனியிலிருந்து மடிந்துபோனால் என்ன ஆகும்? இரைச்சலும் நின்றுவிடும். எரிச்சல் நிற்பதற்கு ஒரே காரணம் இருப்பதாக எண்ணுவதுதான் பிழை. சர்க்கரை கட்டுக்குள் வந்து இழை அமைதியடைந்திருக்கலாம். நரம்பு வலிக்குத் தரப்படும் பிரிகாபலின் போன்ற மருந்து தண்டுவடத்தின் நரம்பிணைப்புகளில் செய்தியை அடக்கியிருக்கலாம். அல்லது அனுப்புவதற்கு இழையே மிஞ்சாமல் போயிருக்கலாம். இந்த மூன்றும் நோயாளிக்கு ஒரே நிம்மதியாகத்தான் தெரியும். எது நடந்தது என்பதை அவரால் உணர்ந்து சொல்லவே முடியாது; பாதத்தைத் தொட்டுச் சோதித்தால் மட்டுமே தெரியும். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையும், கோடாலி தைலமும், உறவினர் சொன்ன எண்ணெயும் இந்த மூன்றாவது காரணத்தால் பெற்ற நற்பெயர் கொஞ்சமல்ல. தயவுசெய்து எரிச்சல் நின்ற நாளில் மருத்துவரைப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். அந்த வாரமே சென்று பாதத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஏன் எப்போதும் பாதத்தில் தொடங்குகிறது என்று கேட்பவர்களுக்கு: நீளம்தான் காரணம். நரம்பணுவின் உடலில் உருவாகும் பொருள்கள் அந்த ஒரு மீட்டர் தொலைவையும் இழைக்குள்ளேயே கடந்து நுனியை அடைய வேண்டும். வேகமாகச் செல்பவையே ஒரு நாளைக்கு 40 சென்டிமீட்டர் அளவுதான் போகும். இழையின் கட்டமைப்புக்கான புரதங்களோ நாளுக்குச் சில மில்லிமீட்டரே நகரும். நரம்பணு நலிந்தால் முதலில் பட்டினி கிடப்பது கடைசி நுனி. பாதிப்பு விரலில் தொடங்கிக் காலுறை போல மேலேறி முழங்காலை நெருங்கும்போது கைவிரல்களும் மரக்கத் தொடங்குகின்றன. வெட்டுப்பட்ட ஒரு நரம்பு நல்ல நிலையில் மீண்டும் வளர்வதே நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான். சர்க்கரை கட்டுப்படாத உடலில் அதுவும் சரியாக நடப்பதில்லை. ஒரு வாரத்தில் நரம்பைப் புதுப்பிக்கும் என்று இணையத்தில் விற்பவற்றை வாங்கும் முன் இந்த வேகத்தை நினைவில் வையுங்கள்.

வைட்டமின் ஊசிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இனிப்புநீருக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் உட்கொள்பவர்களுக்கு பி12 குறையலாம். அந்தக் குறையே நரம்பைக் கெடுக்கும். ஆகவே ரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேட்பது நியாயம். ஆனால் அளவு பார்க்காமல் மூன்று வகை 'நரம்பு மாத்திரை'களை ஒன்றாக விழுங்குபவர்கள், அவை மூன்றிலும் பி6 இருப்பதைக் கவனிப்பதில்லை. நீண்டகாலம் மிகுதியாக உட்கொள்ளும் பி6 தானே உணர்வு நரம்பைப் பாழாக்கும்.

வலி இல்லாத கால் எப்படி அழிகிறது என்பதைத் தெளிவாக உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய பால் பிராண்ட். அவர்களின் விரல்கள் அழுகி உதிர்வது சதையின் கேட்டினால் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், உணர்வற்ற கையும் காலும் நாள்தோறும் காயப்படுவதும், அந்தக் காயத்தின் மீதே அவர்கள் தொடர்ந்து நடப்பதுமே காரணம் என்று அவர் காட்டினார். நம் இனிப்புநீர் பாதங்களுக்கும் இது அப்படியே பொருந்தும். காயம்பட்ட இடத்தைச் சுற்றியுள்ள நரம்புகள் கூர்மையடைந்து, லேசாக ஊன்றினாலும் வலிப்பதால்தான் நலமான மனிதர் நொண்டுகிறார். நொண்டுவதால்தான் புண் ஆறுகிறது. நொண்டாதவர் ஒவ்வோர் அடியிலும் அதே புண்ணை நசுக்குகிறார். "சர்க்கரைக்காரன் புண் ஆறாது" என்று கைவிடும் குடும்பங்களுக்குச் சொல்கிறேன்: ரத்த ஓட்டம் போதுமானதாக இருந்து, கிருமித்தொற்று அடங்கி, அந்தப் புண்ணின் மீது எடை விழாமல் காத்தால் பெரும்பாலான புண்கள் ஆறுகின்றன.

வியர்வையை இயக்கும் நுண்நரம்புகளும் இதே நோயில் கெடுகின்றன. தோல் வறண்டு குதிகால் வெடிக்கிறது. ரத்தம் தோலுக்கு அடியிலுள்ள குறுக்குவழிகளில் ஓடுவதால் பாதம் தொட்டால் வெதுவெதுப்பாகவும் இருக்கும். "கால் சூடாத்தானே இருக்கு, ரத்த ஓட்டம் நல்லா இருக்கு" என்று இதைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். ஒரு பாதம் மட்டும் திடீரெனச் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக, ஆனால் அதிக வலியில்லாமல் இருந்தால், அது சுளுக்கு அல்லாமல் உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்து உருவிவிடும் வேலை வேண்டவே வேண்டாம்; காலை ஊன்றாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இதயத்தின் உணர்வு நரம்புகளும் இவ்வாறு கெட்டுவிடுவதால் நெஞ்சுவலி இல்லாமலேயே மாரடைப்பு வரலாம் என்பதையும், காரணமற்ற மூச்சுத்திணறலையும் குளிர்ந்த வியர்வையையும் புறக்கணிக்கக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இரவில் படுக்கும் முன் இரண்டு உள்ளங்கால்களையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வையுங்கள். பார்வை மங்கியவர்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியும் காலை வெந்நீரில் ஊறவைக்காதீர்கள், பனிக்கட்டியிலும் வைக்காதீர்கள். 60 டிகிரி நீர் சில வினாடிகளிலேயே தோலை ஆழமாக வேகவைத்துவிடும், உங்கள் கால் அதைச் சொல்லாது. குளிக்கும் நீரை நோயில்லாத ஒருவர் கையால் தொட்டுப் பார்க்கட்டும். காய்த்த தோலைப் பிளேடால் சீவுவதும், காலாணிக்கான மருந்துப் பட்டையை ஒட்டுவதும் என் கண்ணில் மன்னிக்க முடியாத செயல்கள். காலணியை அணியும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள். உள்ளே கிடந்த சிறுகல்லோடும் நாணயத்தோடும் நாள் முழுவதும் நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஜப்பான் சிலிப்பர் (ரப்பர் செருப்பு) வேண்டாம். அது வழியிலேயே கழன்று விழுந்தது தெரியாமல் ஒற்றைச் சிலிப்பரோடு சோதனை அறைக்குள் நுழைபவரைக் கண்டாலே எங்களுக்கு நோய் இன்னதென்று தெரிந்துவிடும். புதிய காலணியை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் வேளையில் வாங்குங்கள். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) ஆண்டுக்கு ஒருமுறையாவது நைலான் இழைச் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நேர்த்திக்கடனைப் பற்றி ஒரு வேண்டுகோள். பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பக்தியின் நடுவில்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் நடுப்பகல் வெயிலில் தார்ச்சாலை 50 டிகிரியைத் தாண்டிவிடும் என்பதும், தேர் செல்லும் வழியெல்லாம் சிரட்டைச் சில்லுகள் சிதறிக் கிடக்கும் என்பதும் உண்மை. பல ஆண்டுகளாக இனிப்புநீர் உள்ளவர்கள் தைப்பூசத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே பாதத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். உணர்வு குறைந்திருந்தால் வேண்டுதலைப் பாதணியோடு நிறைவேற்றுவது பற்றிக் குடும்பத்தாருடனும் கோயிலில் உள்ளவர்களுடனும் பேசுங்கள். மறுத்து வெறுங்காலோடுதான் செல்வீர்களானால், பொழுது விடியும் முன் புறப்பட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள்; உடன் வருபவர் ஒருவர் வழியில் அவ்வப்போது விளக்கடித்து உங்கள் உள்ளங்காலைப் பார்க்கட்டும்; வீடு திரும்பியதும் கழுவித் துடைத்து மீண்டும் பார்க்கட்டும்.

இதைப் படித்துவிட்டு இன்றிரவு காலைப் பார்க்கும்போது ஒரு கொப்புளமோ, நிறம் மாறிய இடமோ, காலுறையில் ஈரக்கறையோ தென்பட்டால், வலிக்கிறதா என்று அழுத்திப் பார்க்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காமல், மஞ்சளும் பற்பசையும் பூசாமல், சுத்தமான துணியால் மூடி, அந்தக் காலை ஊன்றாமல் வைத்து, மறுநாள் காலையிலேயே கிளினிக்குக்குச் செல்லுங்கள். சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் கண்டாலோ, துர்நாற்றம் வந்தாலோ, விரல் கறுத்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே பதிவு செய்யும்போது முதலில் உங்களுக்கு இனிப்புநீர் இருப்பதையும், அடுத்து அந்தப் புண் வலிக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள்.