வெதுப்பல் பயிற்சி: சொல் விளக்கம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பள்ளித் திடல்களில் விளையாட்டுப் போட்டி நெருங்கினால் ‘வார்ம் அப்’ என்ற சொல்தான் காதில் விழும்; இல்லாவிட்டால் மலாயில் ‘பெமானாசான் பாடான்’. உடற்கல்விப் பாடத்தில் இதற்கு ‘வெதுப்பல் பயிற்சி’ என்று அருமையான தமிழ்ச் சொல் இருக்கிறது. பாடக்குறிப்பில் எழுதுகிற அந்தச் சொல்லைத் திடலிலும் சொல்லலாம்.

வெதுவெதுப்பான தண்ணீர் என்கிறோமே, அந்த ‘வெது’தான் இதற்கும் அடி. தானாகச் சூடாவது வெதும்புதல். நாமே இதமாகச் சூடாக்குவது வெதுப்புதல். திரும்பு – திருப்பு, நிரம்பு – நிரப்பு போலத்தான். வெயிலில் கீரை வெதும்பும், வேதனையில் மனம் வெதும்பும். ஈழத் தமிழர் பேக்கரியை வெதுப்பகம் என்பதும் இதே வேரிலிருந்து வந்ததே. ‘சூடேற்றும் பயிற்சி’ என்று எழுதுவோரும் உண்டு. தவறில்லை, ஆனால் எந்த அளவுக்குச் சூடு என்பதையும் சேர்த்துச் சொல்வது வெதுப்பல்தான்.

“இந்த வெயில்ல எதுக்கு சார் வெதுப்பல்? ஏற்கெனவே வேர்த்து ஊத்துது” என்று பையன்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெயில் சுடுவது தோலை. உடலைக் குளிர்விக்க ரத்தமும் தோலை நோக்கியே ஓடும். ஓட்டத்துக்கு வேண்டிய சூடு தசைக்குள்ளேயே பிறக்க வேண்டும். தசை இயங்கும்போது செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகத்தான் மாறுகிறது. அந்த வெப்பத்தில் தசை இன்னும் விரைவாகச் சுருங்கும். ரத்தத்திலுள்ள ஆக்சிஜனும் தசைக்கு எளிதாகக் கிடைக்கும். இதயத் துடிப்பும் திடீரென்று எகிறாமல் படிப்படியாக ஏறும்.

அதனால் கோட்டருகே ஒற்றைக்காலில் நின்று, குதிகாலைப் பிட்டத்தோடு இழுத்துப் பிடிப்பது மட்டும் வெதுப்பல் ஆகாது. அது நீட்சிப் பயிற்சி. ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படிப் பிடித்துவிட்டு உடனே 100 மீட்டர் ஓடினால் காலின் உந்துவிசை கொஞ்சம் குறையவே செய்யும். முதலில் செம்பனை ஓரமாகத் திடலை மெதுவாகச் சுற்றி ஓடட்டும். பக்கத்தில் வருபவனோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் சரி. அப்புறம் கைவீச்சு, முழங்காலை உயர்த்தி நடப்பது, காலை முன்னும் பின்னும் வீசுவது. கடைசியாக வேகத்தைக் கூட்டிக்கூட்டி மூன்று நான்கு குட்டி ஓட்டம். மொத்தம் 10 நிமிடம் போதும்.

ஓடி முடித்த பிறகு செய்வது தணித்தல் பயிற்சி. 400 மீட்டர் முடித்த பிள்ளை அப்படியே நின்றுவிட்டால், ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்த கால் தசைகளும் நின்றுபோகும். ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். கொஞ்ச நேரம் நடக்க விட வேண்டும். இழுத்துப் பிடிக்கும் நீட்சிகளுக்கும் இதுதான் நல்ல நேரம். இங்கேயும் எழுத்தில் கவனம் வேண்டும்: தானாக அடங்குவது ‘தணிதல்’, நாமே அடங்கச் செய்வது ‘தணித்தல்’. பாடக்குறிப்பில் ‘தணிதல் பயிற்சி’ என்று ஒற்று விடுபட்டிருந்தால் ‘த்’ போட்டுத் திருத்திவிடுங்கள்.