ஒரே கார்டு, நாலு புரோசஸ்: வரிசையில் நிற்கும் நேரத்தை யார் கணக்கில் சேர்ப்பது?

எஃப்பிஜிஏ (உள்ளிருக்கும் சர்க்யூட்டை நாமே மாற்றி அமைக்கக்கூடிய சிப்) கார்டில் நாமே எழுதிய என்கிரிப்ஷன் லாஜிக்கை ஒரே ஒரு புரோசஸ் வைத்து அளக்கிறோம். "வேலைக்கு 50 மைக்ரோ நொடி" என்று ஸ்பெக்கில் ஏறிவிடுகிறது. நாலு புரோசஸ் பங்கு போட்ட பிறகு அந்த எண் செல்லாக்காசு.

அந்த 50ஐ முதலில் பிரித்துப் பாருங்கள். 64 கேபி டேட்டா, க்ளாக்குக்கு 16 பைட், 200 மெகாஹெர்ட்ஸ் என்றால் 4,096 க்ளாக். டேட்டா படிப்படியாக நகரும் பைப்லைன் நிரம்ப இன்னும் 60. ஏறக்குறைய 21 மைக்ரோ நொடி. கார்டைக் கணினியோடு இணைக்கும் பிசிஐஇ வழியில் நொடிக்கு 6.5 ஜிபி கிடைத்தால் டேட்டா உள்ளே போக 10, வெளியே வர 10. மீதி 9 டிரைவருக்கும் இன்டரப்டுக்கும். ராப்பகலாக டைமிங் சரிசெய்த லாஜிக்கின் பங்கு பாதிகூட இல்லை! டபுள் பஃபர் (மாற்றி மாற்றி நிரப்பும் இரண்டு நினைவகப் பகுதி) போட்டு டிஎம்ஏவையும் (சிபியு தலையிடாமல் நடக்கும் டேட்டா நகர்வு) லாஜிக்கையும் ஒரே நேரத்தில் ஓட விடாதவரை, நொடிக்கு 20,000 வேலைதான் உச்சம்.

வேலைகள் முன்பின் தொடர்பின்றி வந்து, ஒவ்வொன்றும் ஒரே நேரம் எடுத்தால் எம்/டி/1 என்ற வரிசைக் காத்திருப்புச் சூத்திரம் போதும். கார்டு எத்தனை பங்கு நேரம் வேலையில் இருக்கிறதோ அதை 50ஆல் பெருக்கி, சும்மா இருக்கும் பங்கின் இருமடங்கால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு. நொடிக்கு 10,000 வேலை வந்தால் 25 மைக்ரோ நொடி, 16,000க்கு 100, 18,000க்கு 225. கொத்துக் கொத்தாக வந்தால் இதைவிட மோசம்.

நிறைய டேட்டாவோடு வரும் ஒரே ஒரு வேலை போதும், சூத்திரம் உடைந்துவிடும். தேக்கா உணவங்காடியில் மதியம் ஒரு கோப்பி வாங்க நிற்கிறீர்கள். முன்னால் ஒருவர் ஆபீசுக்கே சேர்த்துப் பொட்டலம் கட்டச் சொல்கிறார். அப்படித்தான் 4 எம்பி வேலை ஒன்று 2.6 மில்லி நொடிக்குக் கார்டை விடாது. அதை 64 துண்டாக்கி, அடுத்து யாருடைய வேலை என்று தீர்மானிக்கும் ஆர்பிட்டரை முறை வைத்து எடுக்கச் சொன்னால், புரோசஸுக்கு ஒரு வேலை என்ற கட்டுப்பாட்டில், மற்றவர் காத்திருப்பது அதிகபட்சம் 150 மைக்ரோ நொடி. ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் 9 மைக்ரோ நொடி டிரைவர் செலவு ஏறுவதால் பெரிய வேலை தனியாக ஓடினாலே 3.2 மில்லி நொடியாகிவிடும். எங்களைக் கேட்டால் அது கொடுக்க வேண்டிய விலைதான்.

லாஜிக்கையே மாற்றி மாற்றி ஏற்றுவதாக இருந்தால் கணக்கே வேறு. 32 பிட், 100 மெகாஹெர்ட்ஸ் கான்ஃபிகரேஷன் போர்ட்டில் 4 எம்பி பிட்ஸ்ட்ரீம் (லாஜிக்கை அமைக்கும் கோப்பு) ஏற 10 மில்லி நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் 200 வேலை முடிந்திருக்கும்.

மாடல் சரியா என்று பார்க்க, லாஜிக் வேலை செய்த க்ளாக்கையும் டேட்டாவுக்காகக் காத்திருந்த க்ளாக்கையும் எண்ண லாஜிக்கை விவரிக்கும் ஆர்டிஎல் கோடிலேயே இரண்டு கவுண்டர் வையுங்கள். 64 பிட் வேண்டும்; 32 பிட் கவுண்டர் 200 மெகாஹெர்ட்ஸில் 21 நொடியிலேயே சுழன்று பூஜ்யத்துக்குப் போய்விடும்.